ஃபிரிட்ஜ் செருப்பு

கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட் எடுக்கப் போன என்னை மாமியார் "நில்லு, நில்லு" என்று பதறித் தடுத்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மணைப்பலகையை எடுத்து வந்து ஃபிரிட்ஜுக்கு முன்னால் போட்டார். "இதும்மேல ஏறி நின்னுகினு தொறம்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கூடுவாஞ்சேரியில் ஃபிளாட்டில் வளர்ந்தவள். எனக்கு யாரும் அதுவரை மணை போட்டதில்லை. புது மருமகள் முதன்முதலாகப் பாலைத் தொடும்போது இப்படி ஒரு முறை செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு வலது காலை வைத்து ஏறினேன். ஃபிரிட்ஜைத் தொட்டுக் கண்ணில்கூட ஒற்றிக்கொண்டேன்.

"கும்புட்றதெல்லாம் வாணாம்மா. அது கரண்ட் அடிக்கும், அதான் பலகை" என்றார் மாமியார்.

மற்ற நாட்களில் பலகைக்குப் பதில் செருப்பு. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் அந்த ஃபிரிட்ஜின் முன்னால் கிடக்கும். வாசலைத் தாண்டி எந்தச் செருப்பும் உள்ளே வரக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். அவருடைய சொந்தத் தம்பியே ஒருமுறை ஷூவோடு ஓர் அடி வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த ஜோடி தெருவையே மிதித்ததில்லை. கடையிலிருந்து அட்டைப்பெட்டியோடு வந்து நேராகச் சமையலறையில் இறங்கியது. ஆகவே அது சுத்தம். சாமி அலமாரியும் அதே சமையலறையில் இருப்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை கொடுத்துப் பலகையை இறக்குவார்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் மின்னியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். ஈரக்கையோடு எதையும் தொடாதே என்று பிள்ளைகளிடம் பகல் முழுக்கக் கத்திவிட்டு, சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி, முடிச்சூர்ப் பக்கம் ஷேர் ஆட்டோவில் வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறக்கிற பிழைப்பு எனக்கு வாய்த்தது. ஃபிரிட்ஜைச் சரிசெய்துவிட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன்.

"அதுக்கு இன்னா கொற? ஐஸ் கட்டிகினு நல்லாத்தான கீது" என்றார் மாமனார்.

மெல்ல மெல்ல விசாரித்ததில் வரலாறு தெரிந்தது. வீட்டைப் புதுப்பித்தபோது என் கணவர் ஒரு ட்ரிப்பர் வாங்கிப் போடச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள் போன கரண்ட் முழுதாகத் திரும்பி வராமல் எங்கேயாவது கொஞ்சம் கசிந்தால், உடனே வீடு முழுவதையும் அணைத்துவிடுகிற சுவிட்ச் அது. ஃபிரிட்ஜுக்குள் ஏதோ கசிந்ததால் அது ஓயாமல் விழுந்திருக்கிறது. விழுந்து விழுந்து மாமனாருடைய சீரியலைக் கெடுத்திருக்கிறது. அவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ட்ரிப்பரை ஒதுக்கிவிட்டு "டைரக்டு" கொடுக்கச் சொல்லிவிட்டார். சுவிட்ச் இன்னும் சுவரில்தான் இருந்தது. ஆனால் ஓய்வு பெற்றவர்போல் சும்மா உட்கார்ந்திருந்தது.

அடுத்து கார் நிறுத்தும் இடத்துக்கு டைல்ஸ் போட்டார்கள். எதிர்வீட்டு பாய்க்கு டைல்ஸ் கடை. மாமனாருக்கும் அவருக்கும் நாற்பது வருடப் பழக்கம். கடைக்கு வந்ததிலேயே அழகான டைல்ஸை பாய் நண்பருக்காக எடுத்து வைத்துக் கொடுத்தார். போட்டவர்கள் எர்த் குழியை மூடி, எர்த் ஒயரைத் துண்டித்து, அதன்மேல் தாமரைப்பூ டிசைனைப் பதித்துவிட்டுப் போய்விட்டார்கள். கசிகிற கரண்ட்டுக்கு மண்ணுக்குள் போக வழி இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்துதான் ஃபிரிட்ஜ் கடிக்க ஆரம்பித்தது. செருப்பு வாங்கியதும் அப்போதுதான்.

"ஒரே ஒரு டைலைப் பேர்த்தால் போதும் மாமா" என்று நான் சொன்னபோது, அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. தாமரையை உடைப்பதா? வெளியூர் சம்பந்திகள் யார் வந்தாலும் அவர் முதலில் காட்டுவது அந்தத் தாமரையைத்தான், அப்புறம்தான் உட்காரச் சொல்வார்.

தவிர, கரண்ட் அடிப்பது பலவீனர்களின் பிரச்சினை என்பது அவருடைய கட்சி. "எனக்கு அடிக்கவே மாட்டுதே" என்பார். அது உண்மையும்கூட. அவர் வெறுங்காலோடு உழுத நிலமெல்லாம் மனைகளாகி, மனைகளெல்லாம் மாடி வீடுகளாகி வெகுகாலம் ஆயிற்று. அவருடைய உள்ளங்கால் மட்டும்தான் இன்னும் மனை பிரிக்கப்படவில்லை. கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலைக்குப் போனால் உச்சிவெயிலில் நாங்கள் எல்லாம் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடுவோம். அவர் நடுப்படியில் நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார். அந்தக் காலோடும் காய்ந்துபோன கையோடும் ஃபிரிட்ஜைத் திறந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாதுதான். மனித உடம்பு கரண்ட்டுக்குக் காட்டும் எதிர்ப்பு பெரும்பாலும் மேலே இருக்கிற காய்ந்த தோலில்தான் இருக்கிறது. தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே எல்லாருக்கும் உப்புத் தண்ணீர்தான். இதை நான் சொன்னால், "அப்போ தோலு நல்லா இருந்தா போதும்னு நீயே சொல்றியே" என்று மடக்குவார்.

இப்படியே ஓடியிருக்கும். என் மகள் தவழ ஆரம்பித்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் கிளி, மாம்பழம், கத்தரிக்காய் என்று சின்னச் சின்னக் காந்த பொம்மைகள் ஒட்டியிருந்தன. ஒரு நாள் சமையலறையில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ஜொள்ளு வழிய, உள்ளங்கை இரண்டும் தரையில் பளிச் பளிச்சென்று அடிக்க, அவள் நேராக அந்தக் கிளியை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கினேன். பருப்பு கருகிற்று. அன்று முதல் எனக்கு இந்த வீட்டில் ஒரே கவலைதான்: நான் கவனிக்காத ஒரு நிமிடத்தில் அவள் அந்தக் கதவைத் தொட்டுவிடுவாள்.

குடும்பம் கூடி ஆலோசித்தது. முதல் தீர்வாகப் பொம்மைகளைக் கழற்றினார்கள். பொம்மை இல்லாத கதவு பளபளவென்று இருந்ததால் அதில் தெரிந்த இன்னொரு பாப்பாவைப் பார்க்க அவள் இன்னும் வேகமாகப் போனாள். அடுத்து என் கணவர் சோபாவை இழுத்து ஃபிரிட்ஜுக்கு முன் போட்டார். அதன் பிறகு மாமியார் சோபாவில் மண்டியிட்டுத் தயிர் எடுக்க வேண்டியதாயிற்று; இரண்டே நாளில் சோபா பழைய இடத்துக்குத் திரும்பியது. மூன்றாவதாக மாமியார் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், நடந்தால் கீக் கீக்கென்று கத்தும் குட்டி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார்.

"அவ நடக்கவே இல்லையே அத்தை, கையால இல்ல போறா" என்றேன்.

மாமனார் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "அப்போ இன்னொரு ஜோடி வாங்கி கைக்கும் மாட்டு" என்றார்.

அப்படியும் மாட்டிப் பார்த்தோம். என் மகள் நான்கு செருப்போடு இரண்டு அடி தவழ்ந்து, உட்கார்ந்து, ஒன்றைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பேசிப் பயனில்லை, கண்ணால் காட்டிவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். அதன் இரண்டு கம்பிகளையும் இரண்டு கையில் பிடித்தால், உடம்பு எத்தனை ஓம் எதிர்ப்புக் காட்டுகிறது என்று திரையில் எண் வரும். காய்ந்த கையைவிட ஈரக்கைக்கு எண் எப்படிச் சரிகிறது என்று காட்டி எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. முதலில் மாமனாரைப் பிடிக்கச் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

மீட்டர் இருபது லட்சம் ஓம் வரை காட்டும். மாமனார் பிடித்ததும் திரை ஓரத்தில் வெறும் ஒன்று மட்டும் தோன்றி அசையாமல் நின்றது. "இது இன்னாம்மா?" என்றார்.

"அளக்க முடியலைன்னு அர்த்தம் மாமா. மீட்டரோட எல்லையைத் தாண்டிடுச்சு."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மீட்டருக்கே அடங்கலியா நானு!" என்று எழுந்து வாசலுக்குப் போய், "பாய்! இங்க வாங்களேன்!" என்று குரல் கொடுத்தார்.

பாய் தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி உளூ செய்து முடித்த ஈரக்கையோடு வந்தார். அவருக்கு எண் மளமளவென்று இறங்கி ஐந்து இலக்கத்தில் நின்றது. "எனக்கு இவ்ளோ நம்பர் வருது, உங்களுக்கு வெறும் ஒண்ணுதான?" என்றார் பாய், சந்தோஷமாக. மாமனார் துள்ளிக் குதித்து எல்லையின் தத்துவத்தை அவருக்கு விளக்கினார். பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "கை ஈரமா கீது, இது கணக்குல வராது" என்று வீட்டுக்குப் போய்த் துடைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே கொஞ்சம் காயவைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி பிடித்தார். எண் ஏறியது. நான் எழுந்து நின்றே கத்தினேன்: "பாருங்க! அதே பாய்தான், அதே கைதான்! ஈரம் இருந்தப்ப எவ்ளோ, இப்ப எவ்ளோ! இதைத்தான் நான் சொல்றேன்!"

யார் கேட்டார்கள்? அதற்குள் தெரு கூடிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் வரிசையில் நின்று "உங்களுக்கு எவ்ளோ, எனக்கு எவ்ளோ" என்று விசாரித்துக்கொண்டார்கள். குறைவாக வந்த ஒருவர் இதற்கு என்ன சாப்பிடலாம் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். மீட்டருக்குள் இருப்பது சின்ன பேட்டரி, அதைத்தான் தோல் தடுக்கிறது, வீட்டுக் கரண்ட் வந்து முட்டினால் இதே தோல் வழிவிட்டுவிடும், இந்த எண்ணை நம்பி எதையும் தொடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே எண்ணைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்தபின் மாமியாரும் வந்து சும்மா பிடித்துப் பார்த்தார். எண் பாதாளத்துக்குப் போயிற்று. மாமனார் சிரித்தார். "நாள் பூரா தண்ணில கை வெச்சிகினு கீறவளுக்கு உன்ன மாதிரி எப்டி வரும்?" என்றார் மாமியார். அப்புறம் கையைப் புடவையில் துடைத்தபடியே சொன்னார்: "எனக்கு தெனைக்கும்தான் அடிக்குது. செருப்பு போட்டாலும் ஒரு தபா சுர்ருங்கும். சொல்லி இன்னா ஆவப்போவுது?" எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வீட்டில் ஃபிரிட்ஜை அதிகம் திறப்பவர் அவர்தான், கை எப்போதும் ஈரமாக இருப்பவரும் அவர்தான். கரண்ட் அடிக்காது என்று தீர்ப்புச் சொல்பவரோ தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர். மாமனார் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மத்தியானம் எல்லாரும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமனார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "இவ என் ரத்தம். இவளுக்கும் மீட்டர் பத்தாது பாரு" என்று அவள் கைகளில் கம்பிகளைக் கொடுத்தார். பேட்டரியில் ஓடும் மீட்டர்தானே என்று நானும் விட்டேன். என் மகள் அதுவரை இரண்டு கையையும் மாறி மாறிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

எண் இறங்கியது. மாமியாருடைய எண்ணைத் தாண்டியும் இறங்கியது. அன்று அந்தத் தெருவிலேயே குறைந்த எண் அதுதான்.

மாமனார் தோளில் கிடந்த துண்டால் அவள் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கொஞ்சம் ஏறியது. அவள் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். மறுபடி துடைத்தார், மறுபடி வாய்க்குப் போயிற்று. "பேட்டரி தீந்து போச்சாம்மா?" என்றார் என்னிடம்.

"இல்ல மாமா."

தானே பிடித்துப் பார்த்தார். அதே ஒன்று, அதே எல்லை. பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பேத்தி செய்ததுபோலவே தன் விரல்களை வாயில் வைத்து நன்றாக எச்சிலாக்கிக்கொண்டு கம்பிகளைப் பிடித்தார். நாற்பது வருடம் காய்ந்த அந்தக் கையில் எண் சரசரவென்று சரிந்து எங்கள் எல்லாரையும்போல ஒரு சாதாரண எண்ணில் வந்து நின்றது.

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். டக்கென்று மின்விசிறி நின்றது, டிவி அணைந்தது.

"அப்பா! கடைசி ஓவர்ப்பா!" என்று என் கணவர் அலறினார்.

"எவனாவது மெயினப் போட்டீங்க, மரியாத கெட்டுடும்" என்று பதில் வந்தது. அதைத் தொடர்ந்து கடப்பாரை டைல்ஸில் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது தாமரையின் நடு இதழ் நொறுங்கியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணா, அந்த டிசைனு இப்போ வரதே இல்ல" என்றார் ஈனமான குரலில்.

"போனாப் போவுது பாய். கொஞ்சம் மண்ண வாரு" என்றார் மாமனார்.

எர்த் குழி தோண்டி எடுக்கப்பட்டது. எலக்ட்ரீஷியன் வந்து டைரக்டைப் பிரித்து, புது ட்ரிப்பர் மாட்டி, ஃபிரிட்ஜுக்குள் உடம்போடு உரசிக்கொண்டிருந்த ஒயருக்கு டேப் சுற்றிவிட்டுப் போனார். தாமரையின் நடுவில் வேறு நிறத்தில் ஒரு டைல் வந்து உட்கார்ந்தது. இதோடு என் கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். மாமனாருக்கோ புதுக் கவலை. மழைக்காலம் தொடங்கியதும் ட்ரிப்பர் மறுபடி விழ ஆரம்பித்தது. கிரைண்டர் போட்டால் விழும், மொட்டைமாடி விளக்கு நனைந்தால் விழும். ஒவ்வொரு முறையும் அவர் "சனியனே" என்று திட்டிக்கொண்டே எழுந்து போய்த் தட்டிவிட்டு வருவார். பேசாமல் பழையபடி டைரக்டு கொடுத்துவிடலாமா என்று ஒருநாள் லேசாக ஆரம்பித்தார். நான் மீட்டரை எடுக்கப் போனேன், பேச்சை மாற்றிவிட்டார்.

அப்போது என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, வெளியே மழை. மாமியார் சமையலறையைத் துடைத்துவிட்டு, பின்பக்கம் தண்ணீரைக் கொட்டப் போயிருந்தார். நான் கல்லூரிக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தேன். மின்விசிறி நின்றது.

"மறுபடி வுழுந்திச்சா?" என்று மாமனார் முனகிக்கொண்டே சுவரிடம் போனார். விரலைச் சுவிட்சின்மேல் வைத்தார். அந்த நேரம் பின்பக்கமிருந்து திரும்பிய மாமியார் "ஐயையோ!" என்று கத்தினார். மாமனார் அப்படியே திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். நானும் சீப்போடு ஓடி வந்தேன்.

ஈரத்தரையில் வெறுங்காலோடு என் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கைப்பிடியை இரண்டு ஈரக்கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

டேப் சுற்றிய ஒயர் உள்ளே மறுபடி பிரிந்திருந்ததை அப்புறம் பார்த்தோம். கசிந்த கரண்ட்டை எர்த் கம்பி முந்திக்கொண்டு வாங்கியதா, என் மகளின் கை வழியாகவும் கொஞ்சம் போயிற்றா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்குத் தைரியம் இல்லை. அவளை வாரி எடுத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்து அழுதேன். மாமனார் விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டு, மாமியார் சுவரோரம் வைத்திருந்த மணைப்பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்று மத்தியானமே அவரும் பாயும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்த ஃபிரிட்ஜை வெளியே இறக்கினார்கள்.

புது ஃபிரிட்ஜ் யாரையும் கடிப்பதில்லை. ஆனாலும் அதன் முன்னால் அந்தச் செருப்பு கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பலகையும் இறங்குகிறது. ஏன் அத்தை என்று கேட்டால், "இருந்துட்டு போவட்டும்" என்கிறார். மாமனாருக்கு ட்ரிப்பரைத் திட்டும் பழக்கம் போய்விட்டது. இப்போதெல்லாம் விளக்கு அணைந்தால் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை "புள்ள எங்க?" என்பதுதான். பதில் வராமல் சுவிட்சைத் தொடமாட்டார், யாரையும் தொடவிடவும் மாட்டார். மேட்ச் கடைசி ஓவரில் இருந்தாலும் சரி.

போன கிருத்திகைக்கு அவர் குன்றத்தூர் போயிருந்தார். எங்கள் ஏரியா முழுக்க மின்வெட்டு. பாய் அவரிடம் போனில் எதையோ பேசும்போது அதையும் சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. பின்னணியில் கோயில் மணி கேட்டது.

"கரண்ட்டு போச்சாமே? புள்ள எங்கம்மா?"

"தெருவுக்கே இல்ல மாமா. பவர் கட்."

"அத்த வுடு. புள்ள எங்க?"

"என் மடியிலதான் மாமா இருக்கா."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "கை காஞ்சி கீதா?"

குனிந்து பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் வாய்க்குள் இருந்தது.

"காஞ்சிதான் இருக்கு மாமா, நீங்க சாமி கும்பிட்டுட்டு வாங்க" என்றேன்.